பழைய மகிழுந்துக்கு ஏற்ற பின்புற ஸ்பாய்லர்

மகிழுந்தின் பின்பெட்டி மூடியின் மேல் தகடு போலவோ இறக்கை போலவோ பொருத்தப்படும் உறுப்பை ஸ்பாய்லர் என்பர். இதனை வெறும் அழகுப் பொருளாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், இது காற்றின் போக்கை மாற்றுவதற்காக உருவாக்கப்பட்டதாகும்.

மகிழுந்து விரைந்து செல்லும்போது அதன் கூரையின் மேல் காற்று வேகமாகப் பாய்கிறது. அதனால் மேற்பகுதியில் காற்றழுத்தம் குறைந்து, வண்டியின் பின்பகுதி சற்றே மேலெழ முற்படுகிறது. பின்சக்கரங்கள் சாலையைப் பற்றும் பிடியும் தளர்கிறது. ஸ்பாய்லர் இக்காற்றோட்டத்தைக் குலைத்து, மேலெழும் விசையைக் குறைக்கிறது. உயர்ந்த தூண்களின் மேல் நிற்கும் இறக்கையோ, தலைகீழாகத் திருப்பிய விமான இறக்கையைப் போன்று வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது.

1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ‘மசல் கார்’ எனப்படும் ஆற்றல்மிக்க மகிழுந்துகள் புகழ்பெற்றிருந்தன. 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் டேடோனா, பந்தயத்தை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது. அதன் பின்புற இறக்கை ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் உயரமுடையது. 1970ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பட்டி பேக்கர் என்னும் பந்தய ஓட்டுநர் இவ்வகை வண்டியில் மணிக்கு ஏறத்தாழ 322 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அதே காலத்தில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302 வண்டிக்கோ, அளவில் சிறிய, சாய்வை மாற்றக்கூடிய ஸ்பாய்லர் போதுமானதாக இருந்தது.

இத்தகைய வண்டியைப் பினாங்கில் புதுப்பிப்பவர் முதலில் வேகத்தைக் கணக்கிட வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் வேகம், அப்பந்தய வண்டியின் வேகத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். ஆகவே, அதே இறக்கைக்குக் கிடைக்கும் விசை பதினாறில் ஒரு பங்கே. ஜோர்ஜ்டவுனின் குறுகிய தெருக்களிலோ அதன் பயன் இல்லையென்றே கூறலாம். அளவுக்கு மீறிய இறக்கை எடையைக் கூட்டும். ஓட்டுநரின் பின்புறப் பார்வையையும் மறைக்கக்கூடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து எவ்வாறு வெளிவந்தது என்பதை அறிய வேண்டும். டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளில் பொருத்தப்பட்ட சிறு உலோகத் தகட்டில் துணைப் பொருள்களின் குறியீடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அக்கால விளம்பர ஏடுகளும் துணைபுரியும். 2008இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட ஜோர்ஜ்டவுனில் இதற்கோர் ஒப்புமை உண்டு. அங்குள்ள பழைய கடைவீட்டின் செங்கல் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஒவ்வாது. அது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சே அதற்கு ஏற்றது. மகிழுந்தும் அவ்வாறே, புதியது என்பதாலேயே ஒரு பொருள் பொருத்தமானதாகிவிடாது.

மூன்றாவதாக, பொருத்தும் முறையில் கவனம் தேவை. கண்ணாடியிழை ஸ்பாய்லர் எடை குறைந்தது. எனினும், விளிம்புகள் சரியாகப் பொருந்தும்வரை தேய்த்துச் சீர்செய்ய வேண்டியிருக்கும். எடை மிகுந்ததைப் பொருத்தினால் பின்பெட்டி மூடி திறந்தபடி நிற்காமல் விழக்கூடும். எனவே, மூடியைத் தாங்கும் வில்களையும் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது துளையிடுதல். கடற்காற்றும் மழையும் மிகுந்த தீவில், பாதுகாப்பற்ற ஒரு துளை துருவுக்கு வாயிலாகும். ஆகவே, முதலில் ஸ்பாய்லரை ஒட்டுத்தாளால் நிறுத்தி, இருபுறமும் அளந்து, இடத்தை உறுதிசெய்வது நன்று. துளையிட்ட பின்னர் அதன் விளிம்பில் துருத்தடுப்புச் சாயம் பூசி, ரப்பர் வளையம் இட்டே திருகை முடுக்க வேண்டும். வண்டியின் தோற்றத்தை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளை அறிந்துகொள்வதும் உரிமையாளரின் கடமையாகும்.

வாங்கிய ஸ்பாய்லர் பிடிக்காவிட்டால் அதனைக் கழற்றிவிடலாம். ஆனால், அரை நூற்றாண்டு கடந்த மூலத் தகட்டில் இட்ட துளையை இல்லாததாக்க இயலாது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியைப் பட்டறையிலும் நினைவிற்கொள்வது சிறப்பாகும்.