பழைய மோட்டார் சைக்கிளும் புதிய உரிமையாளரும்

பெண் பார்க்கப் போகுமுன் சாதகம் பார்ப்பவர் நம்மவர். காணி வாங்குவதென்றால் தோம்பு முதல் உறுதி வரை புரட்டிப் பார்ப்பர். ஆயின் இலட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும்போது மட்டும், எஞ்சினின் ஓசையைக் கேட்டு, ரயரைக் காலால் உதைத்துப் பார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறி வந்துவிடுகின்றனர். பத்திரங்களைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே எழும். சில வேளை எழுவதேயில்லை.

இவ்விடயத்தில் நாமும் குற்றமற்றவர் அல்லேம். 2012ஆம் ஆண்டு எமது ஹீரோ ஹொண்டாவை அயற்கிராமத்து அன்பர் ஒருவருக்கு விற்றோம். “சேர், நீங்கள் கையெழுத்தை மட்டும் வைத்துத் தாருங்கோ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றார். வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதப்படாத படிவங்களில் ஒப்பமிட்டுக் கொடுத்தோம். இதனையே ஊரில் ‘ஓப்பின் பேப்பர்’ என்பர். இலங்கை முழுவதும் வழங்கும் சொல் அது. சட்டத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

2015இல் ஒரு மாலைப் பொழுது. கல்லூரியிலிருந்து வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தபோது படலையடியில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நின்றார். வவுனியாவில் முதியவர் ஒருவரை மோதி வீழ்த்திவிட்டு நில்லாமற் சென்ற மோட்டார் சைக்கிள் எமது பெயரில் இருக்கிறதாம். விற்றுவிட்டோம் என்றோம். “யாருக்கு? எழுத்தில் இருக்கிறதா?” என்று வினவினார். இல்லை. வாங்கிய அன்பரோ வேறொருவருக்கு விற்றிருந்தார், அவர் இன்னொருவருக்கு. அந்தச் சங்கிலியின் கடைசி ஆளைக் கண்டுபிடிக்கும் வரை நான்கு முறை வவுனியா சென்று வந்தோம். சட்டத்தரணிக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிடலாம். அயலவர் எம் வீட்டு வாசலைப் பார்த்த பார்வையை மறப்பது எளிதன்று.

முறை யாதென்பதைப் பிறகே படித்தறிந்தோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி கைமாறினால் இருவருக்கும் கடமை உண்டு. விற்றவர் தாம் விற்றமையை மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் தம் பெயரில் பதியுமாறு விண்ணப்பித்தல் வேண்டும். பிந்தினால் தாமதக் கட்டணம் சேரும். இரண்டிற்கும் தனித்தனிப் படிவங்கள் உள. விற்றவர் தம் அறிவித்தலின் பிரதி ஒன்றையும், வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும், பணம் பெற்ற திகதியும் நேரமும் எழுதிய கடிதத்தையும் பெட்டியில் வைத்திருப்பாராயின், எமக்கு நேர்ந்தது அவருக்கு நேராது. நேரத்தைக் குறிப்பிடுதல் மிகையன்று. காலையில் விற்ற வண்டி மாலையில் விபத்திற் சிக்கலாம்.

இனி வரி. பழைய வண்டிக்கும் பெருந்தொகை வரி இறுக்க வேண்டுமென்று அஞ்சுபவர் உளர். இறக்குமதியின்போதே சுங்கத்தில் செலுத்தப்பட்ட அவ்வரிகள், தனியார் இருவருக்கிடையிலான கைமாற்றத்தின்போது மீண்டும் வருவதில்லை. உரிமை மாற்றக் கட்டணம் ஒன்று. ஆண்டுதோறும் பெறும் வருமான அனுமதிப் பத்திரத்தின் கட்டணம் மற்றொன்று. முன்னது திணைக்களத்துக்குரியது. பின்னது 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் மாகாண சபைகளுக்கு உரித்தாயிற்று. ஆகவே மாகாணத்துக்கு மாகாணம் அது வேறுபடலாம். அதனைப் பெறக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

ஏமாற்றம் ஒளிந்திருப்பது நிலுவையில். இரண்டாண்டு மாட்டுக் கொட்டிலில் கிடந்த வண்டியை மலிவாகத் தருகிறேன் என்பார் ஒருவர். பாவிக்கவில்லை என்பதை முறைப்படி முன்னரே அறிவித்திராவிடின், ஓடாத ஆண்டுகளின் கட்டணமும் தண்டமும் வண்டியோடு சேர்ந்தே வரும். மலிவு அங்கே கரைந்துவிடும். லீசிங் கம்பனியின் பெயர் பதிவில் இருக்கிறதா, சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்பனவும் பார்க்கத்தக்கன. காப்புறுதியோ முந்தியவர் கம்பனியோடு செய்த ஒப்பந்தம். கைமாறியதைக் கம்பனிக்கு அறிவியாமல் விட்டால் விபத்து நாளில் தகராறு வரும்.

2023இல் எம் தங்கையின் மகனுக்குக் கிளிநொச்சிப் பாடசாலையொன்றில் நியமனம் கிடைத்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாதிருந்த காலம் அது. முன்பு புதிதாக விற்ற விலையிலும் பழையதன் விலை மேலோங்கி நின்றது. தங்கை தன் காப்புகளை அடைவு வைத்துப் பணம் கொடுத்தாள். கோப்பாயில் ஒரு வண்டி பார்த்தோம், அழகிய வண்டி. விற்கும் இளைஞனின் பெயர் மட்டும் சான்றிதழில் இல்லை.

“பதிவில் இருப்பவர் எங்கே, தம்பி?” என்றோம்.

“அவர் கனடாவிலை, ஐயா. கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு. எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினம்.”

மருமகன் எம் முகத்தைப் பார்த்தான். வண்டியின் மீதிருந்து கையை எடுக்க அவனுக்கு மனமில்லை. “மாமா, இதைவிட்டால் வேறு கிடையாது” என்று மெல்லச் சொன்னான். வவுனியாக் கதையை அவன் பலமுறை கேட்டவன்தான். ஆயினும் இருபத்தைந்து வயதில் பிறர் கதை பெரிதாகத் தோன்றுவதில்லை. நாம் முன்பணம் கொடாது திரும்பினோம். மூன்று நாள் எம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரங்களின் பின் சாவகச்சேரியில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் வண்டி கிடைத்தது. இருபதினாயிரம் ரூபா கூடுதல். நிறமும் மருமகனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பதிவில் இருந்தவர் முன்னே இருந்தார். அடையாள அட்டையையும் அவ்வாண்டு அனுமதிப் பத்திரத்தையும் நாம் கேட்குமுன்னரே மேசையில் எடுத்து வைத்து, படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தம் முத்து முத்தான எழுத்தில் நிரப்பிய பின்னரே ஒப்பமிட்டார்.

புதிய சான்றிதழ் கைக்கு வந்த அன்று தங்கை அதைச் சுவாமிப் படத்தடியில் வைத்தாள். காப்புகள் இன்னும் அடைவிலிருந்து மீளவில்லை. பின் ரயரை மாற்ற வேண்டுமென்று மருமகன் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறான்.