அம்மாவின் லயத்தைத் தேடி

"அம்மம்மாட அம்மா என்ன வேலை செய்தவ?"

பாடசாலையில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மகள் கொப்பியோடு வந்து விறாந்தையில் குந்தினாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் எது என்று யார் கேட்டாலும் "வவுனியா, நெளுக்குளம்" என்று சொல்லி நிறுத்திப் பழகியவள் நான். "தோட்டக்காட்டார்" என்ற சொல்லைச் சிறுவயதில் கேட்டு அழுதவர்களுக்கு அந்தப் பழக்கத்தின் காரணம் புரியும்.

1977 கலவரத்தில் அப்பாவும் அம்மாவும் இரண்டு வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டிலிருந்து வந்தார்கள். அப்படி வந்த பல குடும்பங்களை வன்னியில் குடியேற்ற உதவியது டாக்டர் இராஜசுந்தரமும் கட்டிடக்கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு. நான் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போனேன். 2009இல் கைப்பையும் இல்லாமல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்கு வந்தேன். பிறப்புச் சாட்சிப்பத்திரம், அப்பாவின் படம், எல்லாம் போயின.

ஆகவே அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "எந்த வருசம்?" என்று கேட்டால் அம்மாவுக்கு ஒன்றும் வராது. "எந்த லயம்? எத்தனையாவது காம்பரா? கங்காணி யார்?" என்று கேட்டதும் வாய் ஓயவில்லை. மேற்கணக்கு, பன்னிரண்டு காம்பரா லயம், கோயில் பக்கமிருந்து மூன்றாவது காம்பரா, முன்னுக்கு இஸ்தோப்பு. விடியப் பிரட்டுக்களம், பகல் கொழுந்து நிறுவை. நிறை குறைந்தால் அரைப்பேர். பிள்ளைக் காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலைக்கு ஏறியதாம். ஒரே மலையில் நின்றாலும் ஆண்களுக்கு ஒரு சம்பளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அம்மா அதற்கு முன்பே வந்துவிட்டா.

அம்மாவின் பாட்டி மண்டபம் முகாமில் தங்கி, கழுத்தில் தகர வில்லை கட்டி வந்தவவாம். தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அடித்த அந்த வில்லையை "டின் டிக்கட்" என்பார்கள். அது 1900களின் தொடக்கத்தில் வந்த முறை. அதற்கும் முந்தியவர்கள் மன்னாரில் இறங்கி, காடு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தப் பாதை செட்டிகுளம் பக்கமாகத்தான் போகிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நினைவுநடை போனபோதுதான் நான் அதை விளங்கிக்கொண்டேன். முள்ளுக்கம்பிக்குள் இருந்த நாட்களில் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பது இலகுவாக இருக்கவில்லை. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டுமே. ஒரு அலுவலகத்தில் "அப்படி ஒரு தோட்டமே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பெரியம்மாவின் பெட்டியில் ஒரு பழைய பிறப்புச் சாட்சிப்பத்திரம் கிடைத்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்றால் பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் இருக்கும். அதை வைத்துத்தான் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேடுவித்தேன். சகோதரிகளே, உங்கள் கடதாசிகள் போயிருந்தால் பெரியம்மா, சித்தி, மாமி வீட்டுப் பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதித் துண்டு ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள், அதிலும் தோட்டத்தின் பெயர் இருக்கும்.

நமது பிறப்புப் பதிவில் பாட்டன், பூட்டன் பெயர்களுக்கும் இடமுண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை இலங்கையில் பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கக் கேட்டது. நிரூபிக்க முடியாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். பாட்டிக்கும் பூட்டிக்கும் அந்தப் பத்திரத்தில் கட்டம் இல்லை. கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி அவர்களுடையது. பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய புத்தகத்தில் தோட்டங்களின் ஏக்கர் கணக்கும் துரையின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. எங்கள் பூட்டியின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.

போன ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். லயம் இன்னும் நிற்கிறது. தகரம் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது காம்பராவில் இப்போது இருக்கும் பிள்ளை எங்களை உள்ளே கூப்பிட்டு, சீனி போடாத தேத்தண்ணி தந்தாள். அம்மா சுவரோரம் கிடந்த அம்மியைத் தடவிப் பார்த்து, "இது எங்க ஆயா அரைச்சது" என்றா. அந்த அம்மிதானா என்று நான் கேட்கவில்லை.

"அவங்க பேரு என்னம்மா?" என்று மகள் கேட்டாள்.

"மீனாச்சி" என்றா அம்மா. "செக்ரோல்ல அப்பிடித்தான் இருந்துச்சு. வீட்டுல வேற பேரு."

அந்த வேறு பெயர் அம்மாவுக்கு நினைவு வரவில்லை. மகள் கொப்பியில் மீனாச்சி என்று எழுதி, "கொழுந்தெடுப்பவர், மேற்கணக்கு, மூன்றாம் காம்பரா" என்று சேர்த்து, பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பெரியம்மாவுக்கு தொலைபேசி எடுத்துக் கேட்கிறோம்.