குட்டி வீடியோ டிஸ்க் ஓடுமா? யூஎம்டி, விசிடி, மெமரி கார்டு சொல்ற கதை

இந்த வாரக் கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பினது. "வினைல் ரெக்கார்டு திரும்ப வந்துருச்சு, கேசட் கூட வாங்கறாங்க. அதே மாதிரி உள்ளங்கையில அடங்கற ஒரு புது வீடியோ டிஸ்க்கை யாராச்சும் இப்ப கொண்டு வந்தா ஓடுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரிய அளவுல ஓடாதுங்க. ஆனா ஏன் ஓடாதுன்னு பார்க்கறப்ப, நம்ம வீட்டு பீரோவுல இருக்கற சில டிஸ்க்குகளைப் பத்தியும் பேசியாகணும். அந்தப் பகுதியைத் தவற விட்டுடாதீங்க.

ஏற்கனவே ஒரு தடவை வந்த குட்டி டிஸ்க்

இதை சோனி ஏற்கனவே முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு. 2004 டிசம்பர்ல ஜப்பான்ல பிஎஸ்பி-ன்னு கையில வெச்சு விளையாடற கேம் கன்சோல் வந்துச்சு. அதுக்குள்ள போடற டிஸ்க்குக்குப் பேர் யூஎம்டி. 6 சென்டிமீட்டர் விட்டம், சுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடு, ரெண்டு லேயர்ல 1.8 ஜிபி. கேம் மட்டுமில்லாம சினிமாவையும் அதுல வித்தாங்க. அமெரிக்காவுல 2005-ல வந்த முதல் 10 லட்சம் பிஎஸ்பி பெட்டிகள்ல 'ஸ்பைடர்மேன் 2' படத்தோட யூஎம்டி இலவசமாவே இருந்துச்சு.

ஆரம்பத்துல விற்பனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா 2006-லயே ஸ்டுடியோக்கள் ஒவ்வொண்ணா கையைக் கழுவ ஆரம்பிச்சாங்க. 2009-ல சோனியே யூஎம்டி டிரைவ் இல்லாம 'பிஎஸ்பி கோ'ன்னு ஒரு மாடல் விட்டுச்சு. அடுத்து வந்த வீட்டா கன்சோல்ல டிஸ்க்கே கிடையாது, கார்டு தான்.

தொழில்நுட்பம் மோசமா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை. அந்தக் குட்டித் திரைக்கு அதுல வந்த படம் நல்ல தெளிவு. பிரச்சனை வேற இடத்துல. அந்த டிஸ்க் பிஎஸ்பி-யில மட்டும் தான் ஓடும். முதல் மாடலை டிவியோட இணைக்கவும் வழி இல்லை. வீட்ல நாமளே எழுதிக்கற யூஎம்டி கடைசி வரைக்கும் கடைக்கு வரவே இல்லை. விலையோ டிவிடி விலை, சில சமயம் அதுக்கும் மேல. அதே படத்தை டிவிடியா வாங்கினா ஹால்ல எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம். யூஎம்டியா வாங்கினா ஒருத்தர் மட்டும் பார்க்கலாம். அப்புறம் யாருங்க வாங்குவாங்க?

டிஸ்க்கைச் சின்னதாக்கினா என்ன ஆகும்?

இங்க ஒரு சின்ன கணக்கு இருக்கு. சாதா டிவிடி 12 சென்டிமீட்டர், 4.7 ஜிபி. ஹேண்டிகேம்ல போடற மினி டிவிடி 8 சென்டிமீட்டர். விட்டம் மூணுல ரெண்டு பங்கு இருக்கறதால கொள்ளளவும் பாதிக்கு மேல இருக்கும்னு தோணும். இருக்காது.

டிஸ்க்கோட நடுவுல ஓட்டையும், அதைச் சுத்திப் பிடிமானத்துக்கான இடமும் இருக்கு. டேட்டா மையத்துல இருந்து சுமார் 24 மில்லிமீட்டர் தள்ளித்தான் ஆரம்பிக்குது. பெரிய டிஸ்க்ல அது 58 வரைக்கும் போகும், சின்னதுல 38-லயே முடிஞ்சிடும். பரப்பளவு ஆரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 58-க்கு வர்க்கம் 3364, அதுல 24-ஓட வர்க்கம் 576-ஐக் கழிச்சா 2788. சின்னதுக்கு 1444-ல 576 போக 868. ரெண்டையும் வகுத்தா 31 சதவீதம். 4.7-ல 31 சதவீதம் கிட்டத்தட்ட 1.46 ஜிபி. மினி டிவிடியோட கொள்ளளவு அதுதான்.

அதாவது, டிஸ்க் சுருங்கறதை விட வேகமா இடம் சுருங்குது. சுத்தற மோட்டார், லேசர், லென்ஸ் இதெல்லாம் அப்படியே வேணும். இன்னொரு பக்கம் விரல் நகம் அளவு மைக்ரோ எஸ்டி கார்டுல 2019-லயே 1 டிபி வந்துருச்சு. அதுல அசையற பாகமே இல்லை. சின்ன அளவுன்னு வந்தா இந்தப் போட்டியில டிஸ்க் ஜெயிக்கவே முடியாது.

அப்ப விசிடி எப்படி ஓடுச்சு?

தரம் நல்லா இருந்தா ஓடும்னு நினைக்கறவங்க விசிடியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1993-ல வந்த ஃபார்மட். நம்ம ஊர் பால் முறையில 352-க்கு 288 பிக்சல். ஒரு டிஸ்க்ல 74 நிமிஷம் தான் பிடிக்கும். நம்ம படம் ரெண்டரை மணி நேரம், அதனால ரெண்டு மூணு டிஸ்க் வேணும். சண்டைக் காட்சி வந்தா படம் கட்டம் கட்டமா உடையும். அமெரிக்கா இதைச் சீண்டவே இல்லை. ஆனா சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா எல்லாம் இதைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். விசிடி டேட்டா வர்ற வேகம் ஆடியோ சிடியோட வேகமே தான். அதனால சாதாரண சிடி மெக்கானிசத்தோட ஒரு டீகோடர் சிப்பைச் சேர்த்தாலே பிளேயர் ரெடி. சீனத் தயாரிப்பா மலிவா வந்து இறங்குச்சு. கம்ப்யூட்டர்ல சிடி டிரைவ் இருந்தாலும் படம் பார்க்கலாம். சிடி எழுதத் தெரிஞ்சவங்க யாரும் விசிடி எழுதலாம். கல்யாண வீடியோ எடுக்கற ஸ்டுடியோவுல இருந்து திருட்டு விசிடி ஆளுங்க வரைக்கும் எல்லாரும் இதைப் பிடிச்சது அதனால தான். திருட்டு எந்த அளவுக்குப் போச்சுன்னா, 2004-ல தமிழ்நாட்டு குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களையும் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க.

இன்னொண்ணு, திரை. 2006-க்கு அப்புறம் தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேல இலவச கலர் டிவி கொடுத்துச்சு. ஊர்ல வீட்டுக்கு வீடு டிவி ஆயிருச்சு. பிளேயர் மட்டும் வாங்கினாப் போதும்.

அதே நேரத்துல தான் மோசர் பேயர் உள்ள வந்தாங்க. நொய்டா பக்கத்துல எழுதாத டிஸ்க் தயாரிச்சு உலகத்துக்கே அனுப்பிட்டிருந்த கம்பெனி. பட உரிமையை மொத்தமா வாங்கி, டிஸ்க்கைத் தானே அடிச்சு, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு வித்தாங்க. அதுவரைக்கும் ஒரிஜினல் டிவிடி நூத்துக்கணக்குல இருந்துச்சு. தமிழ்ப் படங்களும் அந்தப் பட்டியல்ல நிறைய. 2008-ல 'பூ' படத்தைத் தயாரிச்சதுலயும் அவங்க பங்கு உண்டு. திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல் கிடைச்சா மக்கள் ஒரிஜினல் வாங்குவாங்கங்கற கணக்கு சரியாவே இருந்துச்சு. ஆனா டிஸ்க்குங்கற பொருளையே ஜனங்க விட்டுட்டாங்க. 2018-ல அந்தக் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

கோயமுத்தூர்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி

ஒரு புது ஃபார்மட் எப்படி ஊருக்குள்ள வருதுங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வே ஊழியரா இருந்தவர். 1905-ல ட்யூபாண்ட்டுங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜக்டரையும் ஃபிலிமையும் சேர்த்தே வாங்கினார். ஊர் ஊரா டென்ட் அடிச்சுப் படம் காட்டினார். 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டினார். இன்னைக்கும் அந்த ரோட்டுக்குப் பேர் வெரைட்டி ஹால் ரோடு தான்.

அவர் மெஷினை மட்டும் வாங்கலை, படத்தையும் சேர்த்து வாங்கினார். பார்க்கறவங்க யாரும் எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, டிக்கெட் காசு இருந்தாப் போதும். செலவு முழுக்க அவர் தலையில. யூஎம்டி கதை இதுக்கு அப்படியே நேரெதிர். மெஷினும் நீங்க வாங்கணும், டிஸ்க்கும் நீங்க வாங்கணும், வேற எங்கயும் போட்டுப் பார்க்கவும் முடியாது.

சேரனோட 50 ரூபாய் டிவிடி

சமீபத்துல தமிழ்ல டிஸ்க்கை நம்பி எடுத்த பெரிய முயற்சின்னா, 2015-ல இயக்குநர் சேரன் ஆரம்பிச்ச சி2எச், அதாவது சினிமா டு ஹோம். 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தியேட்டருக்குக் கொண்டு போகாம நேரா 50 ரூபாய் டிவிடியா வீட்டுக்கே அனுப்பினார். தியேட்டர் கிடைக்காம பெட்டியில தூங்கற சின்னப் படங்களுக்கு ஒரு வழி வேணும்ங்கறது அவரோட நோக்கம். அதுல தப்பே இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி 2013-ல கமல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்-ல கொண்டு வரப் பார்த்து, தியேட்டர்காரங்க எதிர்ப்புல அது நின்னு போச்சு. வேற வழி தேடித்தான் ஆகணும்.

ஆனா 2015-ல காலம் மாறியிருச்சு. லேப்டாப்ல டிவிடி டிரைவ் காணாமப் போய்க்கிட்டிருந்துச்சு. நம்ம பக்கம் மொபைல் ரீசார்ஜ் கடையில மெமரி கார்டைக் கொடுத்தா பாட்டும் படமும் ஏத்திக் கொடுத்துடுவாங்க. பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டறவங்க போன்ல பாட்டுக் கேட்டது இப்படித்தான். பஸ்ல கூட விசிடி போய் பென் டிரைவ் வந்துருச்சு. அடுத்த வருஷம் 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. சி2எச் நீடிக்கலை. சேரன் அன்னைக்குச் செய்யப் பார்த்ததைப் பின்னாடி ஓடிடி செஞ்சுச்சு.

நாலு கேள்வி

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா, எந்தப் புது டிஸ்க் வந்தாலும் நாலு கேள்வி கேட்டாப் போதும். வீட்ல இருக்கற கருவியிலயே ஓடுமா? நாம பார்க்க நினைக்கற படம் அதுல வருதா? வீட்லயே எழுத முடியுமா? விலை, அதே படம் வேற வழியில கிடைக்கற விலையை விடக் கம்மியா? விசிடி நாலுக்கும் ஆமாம்னு சொல்லுச்சு. யூஎம்டி படத்துக்கு மட்டும் அரைகுறையா ஆமாம்னுச்சு. இப்ப ஒரு குட்டி டிஸ்க் வந்தா, முதல் கேள்வியிலயே விழுந்துடும். 2025 பிப்ரவரியில சோனி வெற்று ப்ளூ-ரே, மினிடிஸ்க் தயாரிப்பையே நிறுத்திடுச்சு.

அப்ப வினைல்? வினைல் வாங்கறவங்களுக்குப் பெரிய அட்டை, சுவத்துல மாட்டற அழகு, சத்தம் இதெல்லாம் வேணும். 6 சென்டிமீட்டர் டிஸ்க்ல அட்டைப் படம் கூடக் கண்ணுக்குத் தெரியாது. சேகரிக்கறவங்க சில ஆயிரம் பேர் வாங்கலாம். அதுக்கு மேல நான் எதிர்பார்க்கலை.

ஆனா கேள்வி கேட்ட நேயரோட ஆசை எனக்குப் புரியுது. ஓடிடியில நேத்து இருந்த படம் இன்னைக்கு இல்லை. காசு கொடுத்தும் நம்ம கையில எதுவும் இல்லை. டிஸ்க் நம்மளோடது. அந்த ஆசைக்காகப் புது டிஸ்க் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏற்கனவே வீட்ல இருக்கறதை முதல்ல காப்பாத்துங்க.

பீரோவுல இருக்கற டிஸ்க்

2000-ல இருந்து 2012 வரைக்கும் நம்ம பக்கம் நடந்த கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு எல்லாமே சிடியிலயும் டிவிடியிலயும் தான் இருக்கு. அருமைக்காரர் சீர் செய்யறது, மங்கல வாழ்த்து பாடறது, இப்ப இல்லாத தாத்தா பாட்டியோட குரல், எல்லாம் அதுல மட்டும் தான். ஸ்டுடியோக்காரங்ககிட்ட ஒரிஜினல் டேப் இருக்கும்னு நம்பாதீங்க.

வீட்ல எழுதின டிஸ்க்ல டேட்டா ஒரு சாயப் படலத்துல இருக்கு. வெயிலும் சூடும் பட்டா அது மங்கும். சிடியில அந்தப் படலம் லேபிளுக்கு நேர் கீழ இருக்கறதால, மேல் பக்கம் கீறினா தான் ஆபத்து அதிகம். விசிடிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதிக இடம் கிடைக்கணும்னு வீடியோ பகுதியில கூடுதல் பிழைதிருத்தத் தகவலை விட்டுட்டாங்க. சாதா டேட்டா சிடியில ஒரு செக்டார்ல 2048 பைட், விசிடியில 2324. கீறல் விழுந்தா சீக்கிரம் படத்துல தெரியறது அதனால தான்.

பண்ண வேண்டியது இதுதாங்க. ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்குங்க, சொந்தக்காரங்க நாலு வீடு சேர்ந்து ஒண்ணு போதும். விசிடின்னா உள்ள 'எம்பெக்ஏவி' ஃபோல்டர்ல 'டேட்' ஃபைல் இருக்கும், அதைக் காப்பி பண்ணுங்க, விஎல்சி-யில ஓடும். டிவிடின்னா 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுசா எடுங்க. ஒரு டிரைவ்ல படிக்கலைன்னா இன்னொரு டிரைவ்ல போட்டுப் பாருங்க, டிரைவுக்கு டிரைவ் வித்தியாசம் உண்டு. துடைக்கறப்ப நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க.

மினி டிவிடி வெச்சிருக்கறவங்க ஒரு விஷயம் கவனிங்க. கேமராவுல 'ஃபைனலைஸ்' பண்ணாத டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் காலி டிஸ்க்குன்னு காட்டும், ஃபார்மட் பண்ணவான்னு கேட்கும். சரின்னு மட்டும் அழுத்திடாதீங்க. அதே பிராண்டு கேமரா யார்கிட்டயாவது இருந்தா அதுல போட்டு ஃபைனலைஸ் பண்ணுங்க. அப்புறம், எடுத்த காப்பி ரெண்டு இடத்துல இருக்கணும். ஒண்ணு உங்க வீட்ல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கற அண்ணன் வீட்லயோ அத்தை வீட்லயோ.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள் ஒதுக்குங்க. எத்தனை டிஸ்க் ஓடுச்சு, எத்தனை ஓடலைன்னு எழுதி அனுப்புங்க. ஓடாததை எப்படி மீட்கறதுன்னு அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.