உங்களுக்குத் தெரியுமா? தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், அறிவுசார் குறைபாடு உள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த குழு 2013இல் அறிக்கை தந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தார்கள். குறைபாடு இருந்தால் ஆயுளும் குறையத்தானே செய்யும் என்று தோன்றலாம். வலிப்பு, பிறவி இதயக் கோளாறு போன்றவை சிலருக்குக் கூடவே இருப்பது உண்மைதான். ஆனால் நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவர்களிடையே 37 சதவீதம். பொதுமக்களிடையே 13 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பிறவிக் குறையைக் காரணம் காட்டவே முடியாது. அறிவுசார் குறைபாட்டோடு ஆட்டிசமும் உள்ள, பேச்சு வராத ஒருவர் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்கிறார், சாப்பிட மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஆட்டிசம் என்றால் இப்படித்தான்' என்று அமைதிப்படுத்தும் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டால், சொத்தைப் பல் சீழ் பிடித்திருப்பது யார் கண்ணிலும் படாது. மலச்சிக்கல்கூட இப்படிக் கவனிப்பாரற்று உயிரைப் பறித்திருக்கிறது.

கூட்டம் அலைமோதும் மருத்துவமனையில் தனிக் கவனிப்புக்கு நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேவைப்படுவது நாளின் முதல் டோக்கன், இரைச்சல் இல்லாத ஓர் இடம், ஊசிக்கு முன் மரத்துப்போகச் செய்யும் களிம்பு, அவ்வளவே. நோய் முற்றியபின் ஐசியூவில் ஆகும் நேரமும் செலவும் எத்தனையோ மடங்கு அதிகம். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவராகக் குடும்ப மருத்துவரிடம் பதிவானோருக்கு 14 வயதிலிருந்து ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, நடத்தை சட்டென்று மாறினால், முதலில் பல், காது, வயிறு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.