வலிக்காத கட்டி: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

குளிக்கும்போதோ எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதோ தோலுக்கு அடியில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அன்றாட வேலைக்கு இடையூறும் இல்லை. இந்நிலையில் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்றாகும். வலிக்காத கட்டிதானே என்று பல மாதங்கள் விட்டுவிடுகிறோம். அல்லது, அவசரப்பட்டு அதை வெட்டி எடுத்துவிட்டு, எடுத்த கட்டி இன்னதென்று அறியாமலேயே வீடு திரும்புகிறோம். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதையும், முறையான வழி எது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. மருத்துவர்கள் இன்று மிகுந்த கவனத்துடன் அணுகும் ஓர் அரிய புற்றுநோயின் வரலாறு திருவண்ணாமலையிலேயே நிகழ்ந்திருக்கிறது.

1949-இல் இவ்வூரில் நிகழ்ந்தது

பகவான் இரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்தார். அதன்பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இம்மலையை விட்டு அவர் அகலவில்லை. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய இடது முழங்கைக்கு அருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அதை அறுவை செய்து அகற்றினார்கள். சில வாரங்களுக்குள் அதே இடத்தில் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச் மாதம் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் இரண்டாம் முறை அகற்றினார். எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது ‘சார்கோமா’ என்னும் புற்று எனத் தெரியவந்தது.

ரேடியம் சிகிச்சை அளிக்கப்பட்டது. கையையே அகற்றிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது; மகரிஷி அதற்கு இசையவில்லை. ஆகஸ்டு 7 அன்று மூன்றாம் அறுவையும், டிசம்பர் 19 அன்று நான்காம் அறுவையும் நடைபெற்றன. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு அவர் உடல் நீத்தார்.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் அக்காலத்தின் தேர்ந்த மருத்துவர்கள். அவர்களிடம் குறையில்லை, கருவிகள்தாம் இல்லை. தோலுக்கு அடியில் கட்டி எதுவரை ஊடுருவியுள்ளது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. கருவி அன்று கிடையாது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதே 1954-இல்தான். கட்டியை முதலில் வெட்டி எடுப்பதும், அது திரும்பி வந்தபின் இன்னதென்று ஆராய்வதும் அன்று அரிதல்ல.

இவ்வரலாற்றில் இன்றைய நோயாளி கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. தொடக்கத்தில் கட்டி சிறியதாகவே இருந்தது. அகற்றிய இடத்திலேயே அது மீண்டும் வந்தது. நோயின் பெயர் தெரிந்தது இரண்டாம் அறுவைக்குப் பின்னர்தான். இன்று இந்த வரிசையை மாற்றியமைக்க நம்மால் இயலும்.

சார்கோமா என்பது என்ன?

பொதுவாக நாம் கேள்விப்படும் மார்பகம், வாய், கருப்பை வாய், வயிறு ஆகியவற்றின் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உறுப்புகளை உறையிட்டு மூடியிருக்கும் மேற்படலத்திலோ சுரப்பிகளிலோ தோன்றுகின்றன. சார்கோமா அவ்வாறன்று. உடலைத் தாங்கியும் இணைத்தும் நிற்கும் தசை, கொழுப்பு, நரம்பு உறை, இரத்தக் குழாய், எலும்பு ஆகியவற்றில் அது தோன்றுகிறது. ஆகவே அது உடலில் எங்கும் தோன்றலாம். கை கால்களில், சிறப்பாகத் தொடையில், மிகுதியாகக் காணப்படுகிறது.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று என்ற அளவிலேயே மென்திசுச் சார்கோமா உள்ளது. அதற்குள்ளும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு பொதுமருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரு சிலரையே காண நேரலாம். தாமதங்கள் பலவற்றுக்கு இவ்வரிய தன்மையே காரணம்.

பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல

இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் தோன்றும் கட்டிகளில் மிகப்பெரும்பாலானவை தீங்கற்றவை. மென்மையாகவும் அசைவதாகவும் இருக்கும் கொழுப்புக் கட்டி, தோல் நீர்க்கட்டி, மணிக்கட்டில் வரும் நரம்பு முடிச்சுக் கட்டி, நோய்த்தொற்றால் வீங்கிய நெறிக்கட்டி ஆகியவையே மிகுதி. மென்திசுக் கட்டிகளில் தீங்கற்றவை நூறு என்றால் சார்கோமா ஒன்று என்பது மருத்துவ நூல்கள் கூறும் தோராயமான கணக்கு.

அந்த ஒன்றைத் தவறவிடாமல் இருப்பதற்கே பரிசோதனை. பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்:

• கட்டி 5 சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்கு மேல் இருத்தல்.
• சில வாரங்களிலோ மாதங்களிலோ தொடர்ந்து வளர்ந்து வருதல்.
• தோலுக்குச் சற்றுக் கீழே நகராமல், தசைக்குள் ஆழத்தில் ஊன்றியிருத்தல்.
• புதிதாக வலி தோன்றுதல்.
• முன்பு அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் தோன்றுதல்.

வலி இல்லை என்பது நற்சான்று ஆகாது. சார்கோமாக்களில் பல, நெடுநாள் வலியின்றியே வளர்கின்றன. சிறிய கட்டி என்பதும் முழு உறுதி தராது. திரும்பி வந்த கட்டி எத்துணைச் சிறியதாயினும் பரிசோதனைக்கு உரியது.

கட்டியை உருவிவிடுவது, சூடு வைப்பது, பச்சிலை வைத்துக் கட்டுவது ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். அவை தோலைப் புண்ணாக்கும். பின்னர் செய்யவேண்டிய அறுவையைக் கடினமாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலத்தை வீணாக்கும்.

பரிசோதனைகளின் வரிசை

ஐயத்துக்குரிய கட்டியில் எதை முதலில் செய்கிறோம் என்பது மிக முக்கியம். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தபின் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப்படும். கொழுப்புக் கட்டி அல்லது நீர்க்கட்டி என அதில் தெளிவாகத் தெரிந்தால் பலருக்கு அத்துடன் கவலை தீர்ந்துவிடும்.

தெளிவில்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும். கட்டி எந்தத் தசையில் உள்ளது, நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் எவ்வளவு அருகில் உள்ளது என்பதை அது காட்டும். அதன்பின் கட்டியிலிருந்து ஊசி மூலம் நூலிழை போன்ற சில திசுத் துண்டுகள் எடுக்கப்படும். இதுவே திசுப் பரிசோதனை அல்லது பயாப்ஸி. இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டே இதைச் செய்வதால் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

முதலில் வெட்டி எடுத்துவிட்டால் என்ன கெடுதி என்று நீங்கள் கேட்கலாம். சார்கோமா ஒரு பந்துபோல் தனித்து நிற்பதாகத் தோன்றினாலும் அதன் நுண்ணிய வேர்கள் சுற்றியுள்ள திசுவில் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் வேர்கள் உள்ளேயே தங்கிவிடும். மேலும், அந்த அறுவையின்போது கசியும் இரத்தத்துடன் புற்று அணுக்கள் அக்கம்பக்கத்துத் திசுக்களுக்கும் பரவக்கூடும். பிறகு உண்மை தெரியவரும்போது, முன்னைவிடப் பெரிய அறுவை வேண்டியதாகும்.

ஊசி குத்தினால் நோய் பரவுமா?

நோயாளிகளும் உறவினரும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஊசி சென்ற பாதையில் புற்று அணுக்கள் தங்குவது மிகவும் அரிது. அந்தச் சிறு வாய்ப்பையும் கருதியே, பின்னர் அறுவை செய்யவிருக்கும் கீறலின் கோட்டிலேயே ஊசியைச் செலுத்துகிறார்கள். அறுவையின்போது அப்பாதையையும் சேர்த்து அகற்றிவிட இயலும். இதனால்தான் ஐயத்துக்குரிய கட்டியில் பயாப்ஸியை, அறுவை செய்யப்போகும் மருத்துவரின் ஆலோசனையுடன் செய்வது நல்லது. ‘கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்’ என்ற அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோருக்குத்தான் நோய் உண்மையில் பரவ இடம் கிடைக்கிறது.

முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்

எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முதல் அறிக்கைக்குச் சுமார் ஒரு வாரம் ஆகலாம். வகையைத் தெளிவாகப் பிரித்தறிய இம்யூனோ சாயப் பரிசோதனையும், சிலவற்றில் மரபணுப் பரிசோதனையும் தேவைப்படுவதால் மேலும் சில நாட்களோ வாரங்களோ கழியலாம். கூடுதல் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதாலேயே நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகளில் எது என அறியச் செலவாகும் காலம் அது.

அரிய நோய் என்பதால், அனுபவம் மிக்க மற்றொரு நோய்க்குறியியல் நிபுணரின் கருத்தைப் பெறுவது வழக்கத்தில் உள்ளதே. அதற்குக் கேட்பதால் எந்த மருத்துவரும் மனம் வருந்தமாட்டார். ஆனால் அதற்குக் கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டையும் வேண்டும். ஆகவே எங்கே எந்தக் கட்டியை அகற்றினாலும், ‘இது சாதாரணக் கட்டிதான்’ என்று சொன்னாலும்கூட, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சார்கோமா என உறுதியானால்

அடுத்து நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். இந்நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் செல்லுமிடம் நுரையீரல் என்பதே காரணம்.

முதன்மைச் சிகிச்சை அறுவையே. கட்டியை அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஓர் உறையுடன் சேர்த்து அகற்றுகிறார்கள். கட்டியின் அளவு, ஆழம், வீரியம் ஆகியவற்றைப் பொறுத்து அறுவைக்கு முன்போ பின்போ கதிர்வீச்சுச் சிகிச்சை சேர்க்கப்படும். கீமோதெரபி எல்லோருக்கும் வேண்டியதில்லை. சில வகைகளுக்கே பயன்படும்.

கையையோ காலையோ எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமே பலரை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. 1949-இல் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பின்னர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1982-இல் வெளியாயிற்று. உறுப்பை அகற்றியவர்களுக்கும், உறுப்பைக் காத்துக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டவர்களுக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை என அது காட்டியது. இன்று கை கால்களில் சார்கோமா வந்தவர்களில் மிகப்பெரும்பாலோர்க்கு உறுப்பைக் காத்தே சிகிச்சை அளிக்கப்படுகிறது. முன்னதாக வருபவர்க்கே இவ்வாய்ப்பு மிகுதி.

இச்சிகிச்சைக்கு அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்யும் மையம் வேண்டும். இங்கிருந்து அனுப்பப்படும் நோயாளிகளுக்கு வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அட்டை இல்லாதவர்கள் நோய் உறுதியாகும்வரை காத்திராமல், பரிசோதனை நடக்கும் நாட்களிலேயே விண்ணப்பித்துவிடுவது நன்று.

சிகிச்சைக்குப் பின்னும் தொடரும் கண்காணிப்பு

அறுவைப் புண் ஆறியதும் வருகையை நிறுத்திவிடுவோர் பலர். அது பெருந்தவறு. சார்கோமா திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. ஆகவே அக்காலத்தில் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் வரச்சொல்வது பொதுவான முறை. மருத்துவர் உங்கள் நிலைக்கேற்ப இதை மாற்றியமைக்கலாம்.

இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒருமுறை தழும்பையும் சுற்றுப்புறத்தையும் நீங்களே தடவிப் பாருங்கள். நம் ஊரில் நாள் மறந்துபோக வழியில்லை. பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்குக் கூட்டம் வருவதே நினைவூட்டும். புதிய தடிப்போ முடிச்சோ தென்பட்டால் அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

‘நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் குடும்பத்தார் உண்டு. அன்பினால் கேட்பதே அது. ஆயினும் வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்கும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்புக்கும் வரவேண்டியவர், தாம் எதற்காக வருகிறோம் என்பதை அறிந்திருந்தால்தான் உறுதியுடன் வருவார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். மருத்துவர் பேசும்போது ஒருவர் உடனிருந்து குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சியில் இருப்பவர் காதில் பாதிச் சொற்களே விழும்.

வரும்போது பழைய ஸ்கேன் படங்கள், அறிக்கைகள், முன்பு அறுவை நடந்திருந்தால் அதன் குறிப்பு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டுவாருங்கள். இந்த நான்கு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்: இது என்னவாக இருக்கலாம்? அடுத்த பரிசோதனை எது, ஏன்? முடிவு எந்த நாளில் கிடைக்கும்? அதை யாரிடம் பெறவேண்டும்?

கட்டி கண்டவர்களில் பெரும்பாலோர், ‘கொழுப்புக் கட்டிதான், கவலை வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவர். அச்சொல்லை ஊகத்தால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளாமல் பரிசோதனையின் வாயிலாகப் பெறுவோம். வேறு விடை வருமானால், அதை முன்னதாகவே அறிந்தவர்களாக இருப்போம்.