நாய்க்குட்டியின் ஊசியும் உலக மாநாடும்

உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நாட்டில் மாநாடு கூட்டுகிறது. 2022இல் லிமா, 2023இல் லிஸ்பன், 2024இல் சீனாவின் சூசோ. நாய், பூனை வைத்தியத்துக்கு இத்தனை பெரிய கூட்டமா என்று கேட்பவர்கள் குட்டிக்குப் போடும் ஊசியை யோசிக்கட்டும். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை அதுவே முறித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கான ஊசிகளின் கடைசித் தவணையை 16 வார வயதிலோ அதன் பிறகோ போட வேண்டும் என்கிறது இச்சங்கத்தின் வழிகாட்டுதல். முன்னதாகவே நிறுத்திவிட்டால், ஊசி போட்ட குட்டியும் பார்வோவில் சாகலாம். இந்த ஒரு விதி ஊர்ப்புறக் கிளினிக் வரை போய்ச் சேர்வதற்காகவே மருத்துவர்கள் கூடிப் பேச வேண்டும்.

மருந்து, தீவன நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கூட்டம் அவர்கள் சரக்கைத்தானே விற்கும் என்ற சந்தேகம் நியாயமானது. அந்தப் பணம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். ஆனால் வளர்ந்த நாய்களுக்கு இதே ஊசிகளை 3 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்று சொன்னதும் இச்சங்கம்தான். விற்பனையைக் குறைக்கும் அறிவுரை அது. மனிதருக்கே மருத்துவம் போதாதபோது நாய்க்கு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடியால். நாய்களில் 70 சதவீதத்துக்கு ரேபிஸ் ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுபடும்.