மாதாந்திர நன்கொடை: நம்பகமான தொண்டு நிறுவனத்தை அடையாளம் காண்பது எப்படி?

புதுதில்லி: வணிக வளாகத்தின் வாசலிலோ, மெட்ரோ ரயில் நிலையத்தின் படிக்கட்டு அருகிலோ, கழுத்தில் அடையாள அட்டை அணிந்த இளைஞர் ஒருவர் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி, மாதம் சில நூறு ரூபாய் தர முடியுமா என்று கேட்பது பெருநகரங்களில் வழக்கமான காட்சியாகிவிட்டது. கேட்கப்படும் தொகை சிறியதுதான். ஆனால், கையெழுத்துக்காக நீட்டப்படும் படிவம் ஒரு முறை கொடுக்கும் நன்கொடைக்கானது அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கணக்கில் தானாகவே பணம் எடுத்துக்கொள்ள வழங்கப்படும் அனுமதி அது. மாதம் ரூ.1,000 என்றால் பத்து ஆண்டுகளில் ரூ.1.20 லட்சம். இவ்வளவு தொகைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியோ இருசக்கர வாகனமோ வாங்குவோர் நான்கு கடை ஏறி விசாரிப்பார்கள். நன்கொடைக்கு அந்த விசாரணை பெரும்பாலும் நடப்பதில்லை.

விசாரிக்க வேண்டிய தேவை இருக்கிறது. நாட்டில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வத் தொண்டு அமைப்புகள் பதிவு பெற்றிருப்பதாக 2015-இல் உச்சநீதிமன்றத்தில் சிபிஐ தெரிவித்தது. அவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே பதிவுத் துறையிடம் வரவு-செலவுக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தன. எஞ்சியவை அனைத்தும் மோசடி அமைப்புகள் என்று இதற்குப் பொருள் இல்லை. பல அமைப்புகள் பெயரளவில் மட்டுமே இருப்பவை. சில, கணக்காளரை அமர்த்தவும் வசதியற்ற சிறிய அமைப்புகள். ஆயினும், 'பதிவு பெற்ற தொண்டு நிறுவனம்' என்ற சொற்றொடர் மட்டும் நன்கொடையாளருக்கு எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

பதிவு சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் மூன்று வடிவங்களில் இயங்குகின்றன. அறக்கட்டளை, 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையிலான சங்கம், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் அமைக்கப்படும் லாப நோக்கற்ற நிறுவனம் ஆகியவை அவை. நன்கொடையாளரைப் பொருத்தவரை மூன்றாவது வடிவத்தில் ஒரு வசதி உண்டு: அதன் இயக்குநர்கள் யார், ஆண்டுக் கணக்கு என்ன என்பதை மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். அறக்கட்டளைகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான இத்தகைய ஏற்பாடு இல்லை. மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களில் அறநிலைய ஆணையர் அலுவலகம் உள்ளது. பல மாநிலங்களில் பத்திரப் பதிவோடு அரசின் கண்காணிப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

நீதி ஆயோக்கின் 'தர்பண்' இணையதளத்தில் வழங்கப்படும் அடையாள எண்ணைப் பல நிறுவனங்கள் தங்கள் துண்டறிக்கைகளில் பெரிதாக அச்சிடுகின்றன. மத்திய அரசின் மானியம் கோருவதற்கு அந்த எண் தேவை. நிர்வாகிகளின் பெயர், முகவரி, செயல்படும் துறை ஆகியவற்றைச் சரிபார்க்கவும் அது உதவும். ஆனால், அது தரச்சான்று அல்ல. அந்த விவரங்கள் நிறுவனங்கள் தாங்களே அளிப்பவை.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் நிறுவனத்துக்கு மட்டுமே அது அவசியம். அப்பதிவு இல்லை என்பதற்காக ஒரு நிறுவனத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் குடியுரிமையைத் தக்கவைத்திருப்பவர் தமது சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அளிக்கும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அளித்தால், அவர் இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே.

80ஜி: பழைய கடிதம் போதாது

இவற்றைவிடப் பயனுள்ள சோதனை வருமான வரித் துறையின் அங்கீகாரம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின் பெயரிலேயே இது மக்களிடம் அறியப்பட்டுள்ளது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், பேச்சு வழக்கில் 80ஜி என்ற பெயர் எளிதில் மறையப்போவதில்லை.

ஒரு காலத்தில் இந்த அங்கீகாரம் ஒருமுறை கிடைத்தால் காலவரையின்றி நீடித்தது. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மாற்றியது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் மறுபதிவு செய்ய வேண்டியதாயிற்று. இப்போது 80ஜி அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. புதிய நிறுவனங்களுக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் தரப்படுகிறது. ஆகவே, 1998-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கடிதத்தின் நகலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நிறுவனத்திடம், நடப்பு அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேட்பதில் தவறில்லை. வருமான வரித் துறையின் இணையதளத்திலும் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

அதே சீர்திருத்தம் நன்கொடையாளர் கையில் மற்றொரு கருவியையும் தந்தது. ஒரு நிதியாண்டில் யாரிடமிருந்து எவ்வளவு பெறப்பட்டது என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் நிறுவனம் வருமான வரித் துறைக்கு அளிக்க வேண்டும். அதன் அடிப்படையில் 10பிஇ என்ற சான்றிதழை நன்கொடையாளருக்கு வழங்க வேண்டும். இரண்டுக்கும் கடைசி நாள், நிதியாண்டு முடிந்தபின் வரும் மே 31. பட்டியல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200 வீதம் நிறுவனம் கட்டணம் செலுத்த நேரிடும். ரசீதுப் புத்தகத்தை எந்த அச்சகத்திலும் அச்சடித்துவிடலாம். 10பிஇ சான்றிதழை அப்படி உருவாக்க முடியாது. ஜூன் மாதம் கடந்தும் அது வந்து சேராவிட்டால், நிறுவனத்தின் அலுவலக ஒழுங்கைப் பற்றிய முதல் தகவல் நன்கொடையாளருக்குக் கிடைத்துவிட்டது எனலாம்.

வரிச் சலுகையின் அளவு குறித்தும் மிகையான எதிர்பார்ப்பு நிலவுகிறது. பெரும்பாலான தனியார் தொண்டு நிறுவனங்களுக்கு அளிக்கும் தொகையில் 50 சதவீதம் மட்டுமே வருமானத்திலிருந்து கழிக்கப்படும்; அதற்கும் மொத்த வருமானத்தை ஒட்டிய 10 சதவீத உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்கு ரூ.12,000 வழங்குபவர் ரூ.6,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். அவர் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், கூடுதல் தீர்வையையும் சேர்த்து மிச்சமாவது ரூ.1,248. புதிய வரி முறையைப் பின்பற்றுவோருக்கு இதுவும் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான தேர்வாக இருப்பதால், 'வரி மிச்சமாகும்' என்ற பேச்சு இன்று பலருக்குப் பொருந்துவதே இல்லை. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாக அளிக்கும் நன்கொடைக்கும், துணிமணி, அரிசி போன்ற பொருள் வடிவிலான உதவிக்கும் எந்த முறையிலும் கழிவு இல்லை.

வங்கி வழியாக நன்கொடை பெற்று, தரகுத் தொகை போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். இத்தகைய போலிக் கழிவுகளைக் கோரியவர்கள் மீது வருமான வரித் துறை 2025-இல் நாடு தழுவிய நடவடிக்கையில் இறங்கியது. இது நன்கொடையே அல்ல, வரி ஏய்ப்பு. சிக்கிக்கொண்டால் வரி, வட்டி, அபராதம் மூன்றையும் செலுத்த வேண்டியவர் பணம் கொடுத்தவரே.

கணக்கை எங்கிருந்து படிப்பது?

நம்பகமான நிறுவனங்கள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. வண்ணப் படங்கள் நிறைந்த ஆண்டறிக்கை வேறு, தணிக்கை அறிக்கை வேறு. பின்னதைத்தான் பார்க்க வேண்டும். கணக்கியல் தெரியாதவர்களும் அதில் சிலவற்றைக் கவனிக்க முடியும். தணிக்கையாளர் ஆட்சேபக் குறிப்பு ஏதேனும் எழுதியிருக்கிறாரா? மூன்று ஆண்டுக் கணக்குகளை அருகருகே வைத்தால் வருவாயும் செலவும் எப்படி நகர்கின்றன? நிர்வாகிகளின் உறவினருக்கோ, அவர்கள் நடத்தும் வேறு நிறுவனத்துக்கோ வாடகை, ஊதியம், ஒப்பந்தம் என்ற பெயரில் பணம் செல்கிறதா? அறங்காவலர்களுக்கும் அவர்களது உறவினருக்கும் முறையற்ற பலன் அளிக்கும் நிறுவனம் வரிவிலக்கை இழக்க நேரிடும் என்பது சட்டம். ஆனால், அதிகாரிகள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடக்கூடும்.

வங்கியில் குவிந்துகிடக்கும் தொகையையும் நோக்க வேண்டும். வரிவிலக்குப் பெறும் நிறுவனம் ஆண்டு வருவாயில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் அல்லது குறிப்பிட்ட காரணத்தைச் சொல்லி ஒதுக்கிவைக்க வேண்டும். ஓராண்டுச் செலவுக்குச் சமமான இருப்பு இருப்பது விவேகமே. பல ஆண்டுச் செலவுக்குப் போதுமான வைப்புத்தொகை இருந்தும் 'அவசர உதவி தேவை' என்று விளம்பரம் வருமானால், காரணத்தைக் கேட்கலாம்.

நிர்வாகச் செலவு குறித்த கேள்வியை நன்கொடையாளர்கள் தவறாமல் கேட்கிறார்கள். ஆனால், அதற்குக் கிடைக்கும் பதிலைப் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'உங்கள் பணம் முழுவதும் குழந்தைகளுக்கே' என்ற வாசகம் கேட்க இனிமையானது. அலுவலக வாடகை, கணக்காளர் ஊதியம், கள ஆய்வுப் பயணம் இல்லாமல் எந்தத் தொண்டும் நடப்பதில்லை. செலவே இல்லை என்று சொல்லும் நிறுவனம் ஒன்று அச்செலவை வேறொரு தலைப்பில் காட்டுகிறது, அல்லது யாரும் கண்காணிக்காத நிலையில் இயங்குகிறது. வெளிநாட்டு நன்கொடைக்கு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அதற்கு முன் அது 50 சதவீதமாக இருந்தது. உள்நாட்டு நன்கொடைக்கு இத்தகைய பொது வரம்பு இல்லை. கல்விப் பணியில் ஆசிரியரின் ஊதியம் திட்டச் செலவேயன்றி நிர்வாகச் செலவு அல்ல என்பதால், விழுக்காட்டை மட்டும் வைத்து இரு நிறுவனங்களை ஒப்பிடுவது பயனற்றது.

பலன் கிடைத்ததா?

கணக்கு நேர்மையாக இருந்தும் பணியால் பயன் விளையாமல் போகலாம். இதற்குத் தெளிவான சான்று உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிடைத்தது. மும்பையில் தொடங்கப்பட்டு நாடெங்கும் இயங்கும் 'பிரதம்' கல்வி அமைப்பு, பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வுக் குழுவினருடன் இணைந்து, அங்கு 280 கிராமங்களில் மூன்று முயற்சிகளைச் சோதித்தது. கிராமக் கல்விக் குழுக்களின் அதிகாரங்கள் குறித்து மக்களுக்குத் தகவல் அளிப்பது முதலாவது. குழந்தைகளின் வாசிப்புத் திறனைப் பெற்றோரே சோதிக்கப் பழக்குவது இரண்டாவது. உள்ளூர்த் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு வாசிப்பு முகாம் நடத்துவது மூன்றாவது.

முதல் இரண்டும் பள்ளிகளில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. வாசிப்பு முகாம்களுக்கு வந்த குழந்தைகளோ தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் அப்படி வந்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே. 2010-இல் வெளியான அந்த ஆய்வு, பலிக்காதவற்றையும் மறைக்காமல் பதிவு செய்தது. பானர்ஜியும் டஃப்லோவும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இத்தகைய களச் சோதனைகளுக்காகவே.

எல்லா நிறுவனங்களும் இந்த அளவில் ஆய்வு நடத்த இயலாது. 40 குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சங்கத்திடம் நோபல் தரத்துச் சான்றை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. ஆனால், அச்சங்கத்திடமும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: சென்ற ஆண்டு திட்டமிட்டவற்றில் எது நடக்கவில்லை, ஏன்? எத்தனை பேருக்கு உணவு, எத்தனை பேருக்குப் புத்தகம் என்ற எண்ணிக்கையை எவரும் சொல்லிவிடலாம். தோல்வியைப் பற்றிய கேள்விக்கு நேரான பதில், பணியை உண்மையில் கவனித்துவருபவர்களிடமிருந்தே வரும்.

படம் ஒன்று, செலவு வேறு

'ஒரு குழந்தையைத் தத்தெடுத்து உதவுங்கள்' எனும் திட்டங்களில், புகைப்படத்தில் உள்ள குழந்தையின் கைக்கே பணம் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பல நிறுவனங்களில் அத்தொகை பொது நிதியில் சேர்ந்து, அக்குழந்தையின் ஊருக்கு முழுமையாகச் செலவிடப்படுகிறது. ஒரே வீட்டுக்குப் பணம் போவதைவிட இது நல்ல முறையே. ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.

இணையவழி நிதி திரட்டும் தளங்களில் தனிநபரின் சிகிச்சைக்கு அளிக்கும் தொகைக்கு 80ஜி பொருந்தாது. அங்கு தளத்தின் கட்டணம் எவ்வளவு, பணம் மருத்துவமனைக்குச் செல்கிறதா, தனிநபர் கணக்குக்குச் செல்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பேரிடர் காலங்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பின், முதல்வர் நிவாரண நிதிக்கான கியூஆர் குறியீடு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று கருதி, கேரள அரசே அதைத் திரும்பப் பெற்றது.

தெருவில் வழிமறிக்கும் இளைஞர் பல நேரங்களில் தொண்டு நிறுவனத்தின் ஊழியர் அல்ல. நிதி திரட்டுவதற்கென அமர்த்தப்பட்ட முகமையின் பணியாளர். அது சட்டவிரோதம் இல்லை. எனினும், அந்த இடத்திலேயே பான் எண்ணையும் வங்கி விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாகவே பணம் செலுத்தலாம்.

தானியங்கிப் பிடித்தத்துக்கும் விதிகள் உண்டு. அட்டை அல்லது யுபிஐ மூலம் மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகைக்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. நன்கொடை போன்றவற்றில் ரூ.15,000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடித்தத்துக்கும் கூடுதல் சரிபார்ப்பு அவசியம். படிவத்தில் உச்சத் தொகை என்ற கட்டத்தில் ரூ.1,000-க்குப் பதிலாக ரூ.10,000 என்று நிரப்பப்பட்டிருக்கிறதா, முடிவுத் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். அனுமதியை ரத்து செய்ய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. வங்கியின் செயலியிலோ யுபிஐ செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலோ நன்கொடையாளரே அதை நிறுத்திவிடலாம்.